கேபிளைக் காக்க ரோந்து மட்டும் போதாது: கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டுச் செயலகத்துக்கு வன்னிக் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

இந்தியப் பெருங்கடல் நாடுகளின் பாதுகாப்பு அமைப்பான கொழும்பு மாநாட்டின் மதிப்புக்குரிய செயலக அதிகாரிகளுக்கும் இந்திய, இலங்கைக் கடற்படைத் தளபதிகளுக்கும்,

2025 ஏப்ரல் 5 இல் இரு நாடுகளும் மின்னிணைப்புக்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. மின்சாரம் கடத்தும் கடலடிக் கேபிள் மன்னார்ப் பக்கமாகத்தான் கரையேறும் என்று பேசப்படுகிறது. அதன் காவல் என்றதும் போர்க்கப்பலும் கூட்டுப் பயிற்சியும்தான் மேசைக்கு வருகின்றன. உலகில் ஆண்டுதோறும் 150 முதல் 200 வரையான தொலைத்தொடர்புக் கேபிள் பழுதுகள் நேர்கின்றன. அவற்றில் 70 முதல் 80 சதவீதம் மீன்பிடியாலும் நங்கூரத்தாலும் வருபவை.

பாக்கு நீரிணையில் பல இடங்கள் 10 மீற்றர் ஆழம்கூட இல்லை. பெரிய கப்பல் உள்ளே வராது. இங்கே முதல் ஆபத்து கடற்தரையோடு இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடி. அதை இழுக்கும் றோலர் படகின் மடிப்பலகை, அதாவது வலை வாயை விரித்துவைக்கும் கனத்த பலகை, தரையைக் கிளறிக்கொண்டு வந்து மேலாகக் கிடக்கும் கேபிளில் கொளுவும். விடாமல் இழுத்தால் கேபிள் மடிந்து உட்காப்பு நசியும். அன்றைக்கே அறும் என்றில்லை. மாதங்கள் கழித்து உப்புத்தண்ணீர் இறங்கிய பிறகும் பழுது காட்டலாம். அதற்குள் இழுத்தவன் யார் என்று எவருக்கும் தெரியாது. இலங்கை 2017 இலேயே இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்துவிட்டது. எங்கள் வலைகளை அறுக்கிற றோலர்களின் கோப்பைத் தனியே வைத்திருக்கிறீர்கள். அதைக் கேபிள் கோப்போடு சேர்த்துக் கட்டுங்கள்.

1 மீற்றர் புதைத்தால் மடிக்குத் தப்பும். ஆனால் மன்னார் மணல்திட்டுகள் வாடைக் காற்றுக்கும் (வடகிழக்கு) சோளகக் காற்றுக்கும் (தென்மேற்கு) இடம் மாறுபவை. இந்த வருடம் புதைந்தது அடுத்த வருடம் வெளியே கிடக்கும். ஒவ்வொரு வாடை முடிவிலும் தடத்தை மறுபடி அளக்க வேண்டும். பாறைத்தரையில் தோண்ட முடியாத இடத்தில் கல் கொட்டியோ கொங்கிரீட் பாய் விரித்தோ மூட வேண்டும்.

பால்டிக்கில் 2024 டிசெம்பர் 25 இல் பின்லாந்தையும் எஸ்தோனியாவையும் இணைக்கும் எஸ்ட்லிங்க் 2 மின்கேபிள் அறுந்தது. ஈகிள் எஸ் கப்பல் நங்கூரத்தை இழுத்துச் சென்றதாகக் குற்றச்சாட்டு. அடுத்த மாதமே நேட்டோ ரோந்தைத் தொடங்கியது. வழக்கையோ, விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று சொல்லி 2025 ஒக்ரோபரில் ஹெல்சிங்கி நீதிமன்றம் தள்ளிவிட்டது. பிடித்த பிறகு சட்டம் தேடினால் இதுதான் கதி. இந்திய-இலங்கை 1974 கடல் எல்லைக்கோட்டின் எந்தப் பக்கத்தில் யார் மறிப்பது, கப்பலின் இடத்தைத் தானாக அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியின் பதிவையும் நங்கூரத்தையும் சான்றாக யார் எடுத்து வைப்பது என்பதை இரு கடற்படைகளும் இப்போதே எழுதி வைக்கட்டும்.

இனி வலை. கேபிளைக் காக்க வலையையோ நங்கூரத்தையோ இழந்தவருக்குக் கேபிள் உரிமையாளர் நட்டஈடு தரவேண்டும் என்கிறது ஐ.நா. கடற்சட்ட சமவாயத்தின் 115 ஆம் உறுப்புரை. வலை கேபிளில் மாட்டினால் எஞ்சினைக் கூட்டி இழுக்கக் கூடாது. ஜிபிஎஸ்ஸில் இடத்தைப் பதிந்து, வலையை அறுத்து, மிதவை கட்டிவிட்டு வரவேண்டும். கரை தொட்ட 24 மணித்தியாலத்துக்குள் முறைப்பாடு என்பது 1884 ஆம் ஆண்டுக் கடலடிக் கேபிள் காப்புச் சமவாயத்திலேயே உள்ள விதி. பைபர் படகுக்காரனுக்கு வலைதான் முதல். காசு ஆறு மாதம் இழுபடும் என்று தெரிந்தால் அவன் அறுக்கமாட்டான், இழுத்துத்தான் பார்ப்பான். ஆகவே நட்டஈட்டுப் படிவம் பேசாலை, தலைமன்னார், வங்காலை, சிலாவத்துறைச் சங்கங்களிலேயே இருக்கட்டும். கேபிள் தடத்தின் புள்ளிகளைக் கையடக்க ஜிபிஎஸ்ஸில் ஏற்றக்கூடிய கோப்பாக இந்தச் சங்கங்களுக்கும், அக்கரையில் இராமேஸ்வரம், மண்டபத்துக்கும் ஒரே நாளில் கொடுங்கள்.

எங்கள் படகுகளில் ஏஐஎஸ் இல்லை, பலவற்றில் வானொலியும் இல்லை. சங்கத்துக்கு ஒன்றாவது வானொலி வேண்டும். கடலில் அவசர அழைப்புக்கான 16 ஆம் அலைவரிசையில் மறுமுனையில் இரவிரவாக இருப்பவருக்குத் தமிழ் விளங்க வேண்டும்.

இப்படிக்கு,
வன்னிக் கரையோரக் கடற்றொழிலாளரும் கேபிள் தொழில்நுட்பவியலாளரும்