கம்பம் ஊன்றும் குழியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம், மின்கம்பங்கள் போதிய அளவு கையிருப்பில் உள்ளன, ஊழியர்கள் தயார் நிலையில் உள்ளனர் என்று அறிவிப்பு வருகிறது. விழுந்ததைத் தூக்கி நிறுத்த ஆயத்தமாக இருப்பது நல்லதுதான். ஆனால், விழாமல் தடுக்க என்ன செய்தார்கள் என்று தேடினால் ஒரு வரியும் கிடைப்பதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் பேராவூரணிப் பக்கத்துத் தென்னை விவசாயி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், எங்கள் தோப்புகளையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போனது. விடிந்ததும் வாய்க்கால் கரை வழியாக நடந்தேன். பதினொரு மின்கம்பங்கள் வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. மரம் விழுந்தது இரண்டின் மேல்தான். மற்ற ஒன்பதையும் கம்பியே இழுத்துத் தள்ளியிருந்தது. லைன் திரும்பும் மூலையில், இரண்டு பக்கமும் ஸ்டே கம்பி (கம்பம் சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டும் கம்பி) கட்டியிருந்த ஒரே ஒரு கம்பம் மட்டும் அசையாமல் நின்றது. அதற்கு அப்பால் இருந்த நான்கு கம்பங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இழுப்பு அந்த மூலையோடு நின்றுவிட்டது.

வேரோடு பெயர்ந்தது போலக் கிடந்த ஒரு கம்பத்தின் அடியில் மண் ஒட்டியிருந்த நீளத்தை முழம் போட்டுப் பார்த்தேன். இரண்டு முழம்கூட இல்லை. கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது மின்துறையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு. ஒன்பது மீட்டர் கம்பம் என்றால் ஒன்றரை மீட்டர், அதாவது ஏறத்தாழ ஐந்தடி. எங்கள் ஊர் வயல் மண் மழையில் ஊறினால் களியாகக் குழைந்துவிடும். அதில் இரண்டு முழக் குழி எதைத் தாங்கும்?

கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. கேரளம், ஆந்திரம் என வெளிமாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். கிரேன் இறங்க முடியாத சேற்று வயலில் தொடை அளவு தண்ணீரில் நின்று, கம்பத்தைத் தோளில் சுமந்து போனவர்களை என் கண்ணால் பார்த்தேன். அவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. ஆனால், மின்சாரம் இல்லாமல் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஊர் ஊராக ஜெனரேட்டர் கொண்டுபோய் மோட்டாரை ஓட்ட வேண்டியிருந்தது. பொறுக்க முடியாமல் மக்கள் சாலை மறியலில் உட்கார்ந்தார்கள். அந்த நெருக்கடியில் குழியின் ஆழத்தை யார் அளப்பார்கள்? அப்படி அவசரத்தில் நட்டவை இன்றும் அதே குழியில்தான் நிற்கின்றன. எங்கள் தோப்புக்குப் போகும் கம்பங்களில் மூன்று, இரண்டே மழைக்காலத்தில் சாய்ந்துவிட்டன.

பழியை முழுவதும் ஒரு பக்கம் தள்ளவும் மனம் வரவில்லை. டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்று ஸ்டே கம்பியை அவிழ்த்துவிட்டவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். லைனுக்கு நேர் கீழே தென்னங்கன்று வைத்தவர்களும் நாங்கள்தான்.

எல்லாவற்றையும் பூமிக்கடியில் கொண்டுபோய்விடலாம் என்பார்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் புதைவடத் திட்டம் எடுத்துக்கொள்ளப்பட்டது. நெருக்கமான ஊர்களுக்கு அது சரி. அங்கும் பில்லர் பாக்ஸ் எனும் தெருவோர மின் பகிர்வுப் பெட்டி தரையோடு இருந்தால் பயனில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் தெருவெல்லாம் வெள்ளம் நின்றது. பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தப் பெட்டிகளை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்துவது அவசரமான வேலை. தோப்புக்கும் வயலுக்கும் இடையே கிலோமீட்டர் கணக்கில் ஓடும் எங்கள் லைன்களுக்கோ புதைவடம் எட்டாத செலவு. இவை கம்பத்தில்தான் ஓடியாக வேண்டும்.

ஆகவே நான் கேட்பது சின்ன வேலைகள்தான். நீண்ட லைன்களில் சில கம்பங்களுக்கு ஓர் இடத்திலாவது இருபுறமும் ஸ்டே கட்டிய வலுவான கம்பத்தை நிறுத்த வேண்டும். ஒன்று விழுந்தால் இழுப்பு அங்கேயே நின்றுவிடும். களிமண் பகுதிகளில் குழிக்கு கான்கிரீட் போட வேண்டும். ஒவ்வொரு கம்பத்திலும், புதைய வேண்டிய அளவுக்குச் சரியாக அடியிலிருந்து அளந்து ஒரு சிவப்புக் கோடு பூச வேண்டும். நட்ட பிறகு கோடு மண்ணுக்கு மேல் தெரிந்தால் குழி போதவில்லை என்று வழிப்போக்கரும் சொல்லிவிடுவார். ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்கும் முன் அதிகாரியும் ஒரு பார்வையில் தெரிந்துகொள்வார். குடிநீர் மோட்டாருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இரண்டு வழியில் மின்சாரம் வர ஏற்பாடு இருக்க வேண்டும்.

எங்கள் தோப்பு வரப்பில் அவிழ்ந்து கிடக்கும் ஸ்டே கம்பியை மீண்டும் கட்டித் தரும்படி மனு கொடுத்திருக்கிறேன். அதற்காக வரப்போரத்தில் இரண்டு தென்னங்கன்றுகளைப் பிடுங்கி இடமும் விட்டிருக்கிறேன். ஐப்பசி பிறப்பதற்குள் வந்து கட்டிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்