காளானில் 35 சதவீதம் புரதமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

காளானில் 35 சதவீதம் புரதம், கறிக்கு மாற்று என்று சென்ற வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்த அன்று சாயங்காலமே என் மனைவி, "இனிமேல் முட்டையை நிறுத்திட்டு காளானே வாங்கிக்கலாங்க, 35 சதவீதம் புரதமாமே" என்றார். அந்தக் கணக்கு மனசை உறுத்தியதால்தான் இந்தக் கடிதம்.

காளானைக் காயவைத்து, ஈரம் முழுக்கப் போன பிறகு எடை போட்டால் வரும் கணக்கு அது. கடையில் வாங்கும் பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கடைகளில் பட்டன் காளான் என்று விற்கும் மொட்டுக் காளானில், 100 கிராமுக்குச் சுமார் 3 கிராம் புரதம்தான் தேறும். 200 கிராம் பாக்கெட் முழுவதையும் ஒரே ஆள் சாப்பிட்டால் ஒரு முட்டைக்கு ஈடு. எங்கள் வீட்டில் அந்த ஒரு பாக்கெட்டை நாலு பேர் பங்கு போடுகிறோம். நம்பாதவர்கள் வாணலியைக் கவனியுங்கள். விளிம்பு வரை குவிந்து கிடந்த காளான், பத்து நிமிடத்தில் தண்ணீரை விட்டுவிட்டு ஒரு கை அளவுக்குச் சுருங்கிப் போகும்.

நான் காளானுக்கு எதிரி இல்லை. கொழுப்பு மிகக் குறைவு, பி வகை வைட்டமின்களும் பொட்டாசியமும் உண்டு, எண்ணெய் மசாலாவைக் குறைத்தாலும் ருசி குறையாது. நல்ல காய் என்று சொன்னாலே வாங்குவோமே, கறிக்கு மாற்று என்று எதற்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும்? (எங்கள் கோவைப் பக்கத்து ரோட்டுக் கடைக் காளானைச் சாப்பிட்டுப் புரதம் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் பெரும்பாலும் முட்டைக்கோசும் மைதாவும்தான். ருசியில் குறை சொல்ல மாட்டேன்.)

வைட்டமின் டி விஷயமும் அப்படித்தான். வெயிலே படாத அறையில் வளர்ந்த காளானில் அது சொற்பம். ஆனால் நறுக்கி, உச்சி வெயிலில் கால் மணி, அரை மணி நேரம் வைத்தால் நன்றாகக் கூடும். இதை எழுதியிருந்தால் எங்களுக்கு உதவியிருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை முறத்தில் பரப்பி மொட்டை மாடியில் வைத்துவிட்டுக் காக்காய்க்குக் காவல் உட்கார்ந்திருந்தேன். "என்னங்க, வத்தல் போடறீங்களா?" என்று பக்கத்து மாடியிலிருந்து விசாரணை வேறு.

அப்புறம், வாங்குவது. கட்டுரையில் இதற்குக் கிடைத்தது ஒரே வரி: 'புதியதாகப் பார்த்து வாங்கவும்'. எப்படிப் பார்ப்பது? சித்திரை மாதத்தில் ஒரு கடையில் வாங்கி வந்தேன். கவரின் உள்பக்கம் முத்து முத்தாய் வேர்த்திருந்தது. "காலையில வந்த சரக்குங்க" என்றார் கடைக்காரர். வீட்டில் பிரித்தால் விரலில் வழவழவென்று ஒட்டுகிறது, புளித்த வாடை. பேக்கிங் தேதி இருந்த இடத்தை விலைச் சீட்டு ஒட்டி மறைத்திருந்தார்கள். அன்றிலிருந்து சீட்டைச் சுரண்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. கவர் உள்ளே வேர்த்திருந்தாலோ, குடையில் பழுப்புத் திட்டு இருந்தாலோ தொடுவதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் காகிதப் பையில் மாற்றி ஃபிரிட்ஜில் வைக்கிறோம்.

மொட்டுக் காளான் குளிர்ச்சி கேட்கும் பிள்ளை. மொட்டு விட 14 முதல் 18 டிகிரி வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையில் வளர வேண்டும், இல்லையென்றால் ஏசி அறையில். கீழே இறக்கி, வெயிலில் தூக்கிச் சுமந்து விற்றால் வாடத்தான் செய்யும். நம் சமவெளிக்குத் தோதானது, வெள்ளையாய்த் தடித்த தண்டோடு வரும் பால் காளான். 30, 35 டிகிரி சூட்டிலும் சளைக்காமல் வளரும். அதில் ஏபிகே 2 என்ற ரகத்தை 1998-லேயே கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டுவிட்டது. வைக்கோலும் ஒரு கொட்டகையும் இருந்தால் பக்கத்து ஊரிலேயே போடுகிறார்கள், பறித்த அன்றே கைக்கு வருகிறது. சிப்பிக் காளானை விடக் கூடுதல் நாள் தாங்கும். கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

நீங்கள் கொடுத்த சமையல் குறிப்புகளும் எல்லாமே மொட்டுக் காளானுக்கு. பால் காளானுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்தத் தடித்த தண்டை என்ன செய்வது என்று தெரியாமலே பலர் அதை வாங்குவதில்லை. நான் தண்டைக் குறுக்காக, காசு கனத்துக்கு அரிந்து, குடையைப் போடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் சின்ன வெங்காயத்தோடு வாணலியில் போட்டுவிடுவேன். தண்ணீர் ஊற்றுவதில்லை, அதுவே விட்டுக்கொள்ளும். அந்தத் தண்ணீர் வற்றிய பிறகுதான் உப்பும் மிளகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி