பருப்பு வேகாத தண்ணீர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. முகாம், கிராம சபை என்று அலைந்ததில் பதில் எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. மகனுக்குப் பெருந்துறையில் வேலை கிடைத்ததைக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அம்மா உன் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று விசாரிக்கச் சொன்னாள். அவளுக்கு மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. இருந்தாலும் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றாமல் உட்கார மாட்டாள்.

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தை என் தலையில் கட்டி நாலு வருஷம் ஆகிறது. நாம் படித்தபோது முகாம் என்றால் என்ன செய்தோம் என்று நினைவிருக்கிறதா? கோயில் பிராகாரத்தைக் கூட்டினோம், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தோம், ராத்திரி நாடகம் போட்டோம். முதல் மூன்று வருஷமும் நானும் அதையேதான் செய்தேன். ஆற்றங்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கிப் படம் எடுத்து அனுப்பினால் அறிக்கை முடிந்தது. மறுவாரம் போனால் அதே இடத்தில் அதே குப்பை கிடக்கும். ஒரு மாணவனுக்கு வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை, ஏழு நாள் சிறப்பு முகாம். இவ்வளவு நேரத்தையும் குப்பை பொறுக்கவே செலவழிக்கிறோமே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் இந்த வருஷம் ஐம்பது பிள்ளைகளையும் நொய்யல் ஆற்றோடு கூட்டிப்போனேன். முதல் நாள் வெள்ளியங்கிரி அடிவாரம். ஓடைகள் ஒன்றாகிற இடத்தையும் சித்திரைச்சாவடி அணைக்கட்டையும் பார்த்தார்கள். அங்கிருந்து வாய்க்கால் பிரிந்து குளம் குளமாக நிரம்பிப் போகிற ஏற்பாடு எத்தனை பழையது என்று சொன்னேன். மலையில் பெய்கிற மழை, பள்ளங்கள், குளங்கள், கிணறுகள் எல்லாம் சேர்ந்ததுதான் நீர்வடிப்பகுதி என்பதை வகுப்பில் ஒரு மணி நேரம் பேசியும் புரியவைக்க முடியவில்லை. அந்த வாய்க்கால் கரையில் பத்து நிமிஷத்தில் புரிந்துகொண்டார்கள். மீதி ஆறு நாளும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு ஊரில் தங்கினோம்.

அந்த அணையைக் கட்டி முடித்த 1992இல் நாம் இரண்டு பேரும் சைக்கிளில் போய்ப் பார்த்தோமே! மதகுக்குமேல் நின்றுகொண்டு, இனி எங்கள் காட்டுக்கு இரண்டு போகம் என்று நான் துள்ளிக் குதித்தேன். அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். தேங்கியது திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் கழிவுத் தண்ணீர். தங்கள் பாசனத்துக்கென்று கட்டிய அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே மன்றாடும்படி ஆயிற்று. இதைச் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. ஒரு பையன், “தண்ணி வேண்டாம்னு விவசாயி கேப்பாங்களா சார்?” என்று இரண்டு தரம் கேட்டான்.

அதற்குப் பதில் மூன்றாம் நாள் ஒரு பாட்டி வீட்டில் கிடைத்தது. எங்களிடம் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். கருவி இருந்தது. வீடு வீடாகப் போய், கிணற்றுத் தண்ணீரை வாளியில் வாங்கி, கருவியை முக்கி, எண்ணைக் குறித்துக்கொண்டோம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்தப் பாட்டி வீட்டுக் கிணறு 2000ஐத் தாண்டியது. எண்ணைச் சொன்னதும் பாட்டி, “அது எனக்கு எதுக்குங் கண்ணு? பருப்பு வேகறதில்ல. டீ வெச்சாப் பால் திரிஞ்சு போவுது. ஒலைத் தண்ணி மட்டும் லாரில வருது” என்றாள். பிறகு அடுப்படிக்குக் கூட்டிப்போய் இரண்டு குடத்தைக் காட்டினாள். ஒன்று சமைக்க, ஒன்று பாத்திரம் கழுவ. கழுவுகிற குடத்தின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. வணிகவியல் இரண்டாமாண்டு பெண் ஒருத்தி அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். அன்றிரவே எங்கள் கணக்கெடுப்புத் தாளில் புதுக் கேள்வி ஒன்றைச் சேர்த்தாள்: “உங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகிறதா? எந்த வருஷத்திலிருந்து வேகவில்லை?” நாங்கள் கேட்டதிலேயே தடுமாறாமல் பதில் வந்த கேள்வி அதுதான்.

உனக்கு இதை எழுத எனக்குத் தயக்கம் இருந்தது. சாயக்கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் சொன்னது, உச்ச நீதிமன்றத்திலும் அது நின்றது. ஆனாலும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரி 28 அன்று பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அன்றைக்கு எங்கள் அப்பா பொங்கல் வைக்காத குறை. அதே வாரத்தில்தான் நீ கணக்கெழுதிய பட்டறையும் மூடி, உனக்கு இரண்டு மாதச் சம்பளம் நின்று போனது. அப்போது நாம் பேசிக்கொள்ளவே இல்லை. உன் வீட்டு அடுப்பு அணைந்திருந்தபோது எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்டோம் என்பது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. அந்த வழக்கை நடத்திய விவசாயிகள் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பட்டறையை ஒழுங்காக நடத்தத் தவறியவர்கள் செய்த பிழைக்கு வேலைக்காரன் சம்பளம் போனது தப்பு என்பதிலும் சந்தேகமில்லை. இரண்டையும் பிள்ளைகளிடம் சொன்னேன், உன் பெயர் சொல்லாமல்.

கிராம சபைக் கதைக்கு வருகிறேன். இப்போது உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது அல்லவா? அதில் வைக்க ஒரு தீர்மானம் எழுதினோம். வருஷத்துக்கு இரண்டு முறை, கோடையிலும் மழைக்குப் பிறகும், ஊர்க் கிணறுகளைச் சோதித்து முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுத வேண்டும். உப்பு ஏறினால் ஊராட்சியே மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத வேண்டும். இவ்வளவுதான். இதை எழுதவே நாலு ராத்திரி ஆனது. முதல் வரைவில் “நதிகளைக் காப்போம், நாளைய தலைமுறையை வாழவைப்போம்” என்றெல்லாம் இருந்தது. யார், எப்போது, எந்தப் பணத்தில் செய்வது என்று கேட்டுக் கேட்டு அதையெல்லாம் அடிக்க வைத்தேன்.

அந்த வணிகவியல் பெண்தான் சபையில் படித்தாள். முடித்ததும் ஒருவர் எழுந்து, “எங்க கெணறு உப்புன்னு பலகைல எழுதிட்டா நாளைக்கு எங்க காட்டை எவன் வாங்குவான்? புள்ளைக்குக் கல்யாணம் பண்ணோணும்னா நான் எதை விக்கறது?” என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். என்னிடமும் பதில் இல்லை. அரைமணி நேரம் காரசாரமாகப் பேசினார்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவர்தான் வழி சொன்னார்: பலகையில் ஆள் பெயரும் சர்வே எண்ணும் வேண்டாம், தெரு வாரியாகப் போட்டால் போதும், முழு விவரம் ஊராட்சிப் பதிவேட்டில் இருக்கட்டும். அப்படித் திருத்தி நிறைவேற்றினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பெண், “எங்களுக்கு ஏன் சார் அது தோணவே இல்ல?” என்று வருத்தப்பட்டாள். மூன்று வருஷம் பிளாஸ்டிக் பொறுக்கியபோது ஒரு பிள்ளையும் இப்படி வருத்தப்பட்டதில்லை.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஜூனில் புது அணி சேரும். சாயம் துணியில் பிடிக்க உப்புப் போடுகிறார்கள், அந்த உப்பு மக்காது, எத்தனை தரம் வடிகட்டினாலும் எங்கேயோ போய்ச் சேர்ந்துதான் ஆக வேண்டும் என்பதுவரை நான் சொல்லிவிடுவேன். சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்.ஓ. வடிகட்டிக்குப் பிறகு மிஞ்சுகிற உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்க எவ்வளவு விறகும் மின்சாரமும் ஆகிறது, திரும்பச் சாயத்துக்கே போகிற உப்பு எவ்வளவு, எதற்கும் ஆகாமல் மூட்டை கட்டிக் கிடங்கில் கிடக்கிற கலப்பு உப்பு எவ்வளவு என்பதெல்லாம் கணக்குப் புத்தகம் எழுதியவனுக்குத்தான் தெரியும். நீ வந்து ஒரு நாள் பேசு. ஆற்றுக்காகச் சட்டம் கேட்கிற பிள்ளைகள் பட்டறைக்காரன் கணக்கையும் தெரிந்துகொண்டு கேட்கட்டும்.

ஜூன் இரண்டாவது சனிக்கிழமை உனக்கு ஒத்துவருமா என்று எழுது. காங்கேயத்துக்கு வந்துவிடு, நான் வண்டியோடு நிற்கிறேன். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். பருப்புக்குத் தண்ணீர் நாங்களும் வெளியிலிருந்துதான் வாங்குகிறோம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்