உன் ஜீப் ஏன் உதறுகிறது

குலசேகரம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டுவலி குறைந்து, கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே விடாத மழை. பிளாஸ்டிக் கட்டிய மரங்களில் மட்டும் ரப்பர் வெட்டு நடக்கிறது. மற்றபடி எல்லாரும் சுகம்.

ஜீப் விஷயத்துக்கு வருகிறேன். தடிக்காரன்கோணம் ரோட்டில் இடது டயர் ஒரு குழியில் இறங்கி ஏறியதும், ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்குவதுபோல் உதறியது, வண்டியை ஏறக்குறைய நிறுத்திய பிறகுதான் அடங்கியது என்கிறாய். வீல் பேலன்ஸ் செய்தும் போகவில்லை, இப்போது ஒர்க்‌ஷாப்பில் ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங்கின் ஆட்டத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) போடச் சொல்கிறார்கள். மக்கா, அதை இப்போது போடாதே. டேம்பர் உதறலை அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். தேய்ந்த ஜாயிண்ட் உள்ளே தேய்ந்துகொண்டேதான் இருக்கும். டேம்பர் தளர்கிற அன்றைக்கு முன்னைவிட மோசமாக வெளியே வரும். இனி உன் மகனும் அந்த வண்டியை ஓட்டப்போகிறான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பேலன்ஸ் சரியில்லை என்றால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிரும், அதைத் தாண்டினால் அடங்கும். ஆரல்வாய்மொழியில் ஆடிக்காற்று அடிக்கும்போது வண்டி அங்குமிங்கும் அலைந்தால் ஸ்டியரிங் பாக்ஸில் பிளே, அதாவது லூஸ்; இல்லையென்றால் காஸ்டர் குறைவு, அதாவது சக்கரம் இடவலம் திரும்பும் மூட்டின் பின்னோக்கிய சாய்வு போதாது. உன்னுடையது வேறு ஜாதி. குழியில் ஓர் அடி விழுந்ததும் தொடங்கி, தானாகவே வளர்கிறது. சி.ஜே. 3பி போன்ற பழைய ஜீப்பில் முன் சக்கரம் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் இருக்கின்றன. ஒன்று வாங்கிய அடி, இரண்டையும் இணைக்கும் டை ராடு வழியாக மற்றதற்குப் போகும். நடுவில் லூஸ் இருந்தால் இரண்டும் மாறிமாறி உதைத்துக்கொள்ளும்.

என்ஜினை நிறுத்தி, டயர் தரையிலேயே இருக்கட்டும். மகனை உட்காரவைத்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டச் சொல். நீ கீழே படுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜாயிண்டின் மீதும் விரலை வைத்துப் பார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். டை ராடின் முனையிலுள்ள எண்டு, ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் கம்பியான டிராக் லிங்க், அதன் அசைவை டை ராடுக்கு மாற்றிக்கொடுக்கும், ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் பெல் கிராங்க், எதையும் விடாதே. பெல் கிராங்க்கை மேலும் கீழும் தூக்கிப் பார், பலர் அதை மறந்துவிடுவார்கள். ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையைச் சுற்றிச் செந்நிறப் பொடி கசிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி இரும்பு இரும்பைத் தின்கிறது என்று அர்த்தம். ஸ்டியரிங் பாக்ஸைச் சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பார், அந்த இடத்தில் சேஸிஸில் விரிசல் உண்டா என்றும் பார். ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள், ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட் எல்லாம் அப்புறம்.

அடுத்து அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு போட்டுக்கொண்டு, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் மகனை பிரேக்கை மிதிக்கச் சொல். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். பிரேக் மிதித்தும் ஆட்டம் இருந்தால், சக்கரம் இடவலம் திரும்பும் மூட்டிலுள்ள கிங் பின் பேரிங். என் சந்தேகம் முழுவதும் இந்தக் கிங் பின் மீதுதான். ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பும்போது நேராக வரும் இடத்தில் மட்டும் ‘டக்’கென்று சின்னதாக ஒரு பிடிப்பு தெரிகிறதா? வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், பேரிங்கின் வெளிவளையமான கப்பில் ரோலர்கள் அந்த ஒரே நிலையில் அடிவாங்கி வரிவரியாகப் பள்ளம் போட்டிருக்கும். கழற்றித் துடைத்து நகத்தால் வருடிப்பார், ஒவ்வொரு வரியும் நகத்தில் தட்டும். அப்படி இருந்தால் கப்போடு பேரிங்கை மாற்றவேண்டும், கிரீஸ் அடித்துச் சரியாகாது. திரும்பப் பூட்டும்போது ஷிம் என்ற மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கை கொடுத்துத் திருப்பினால் லேசான இறுக்கம் தெரியும் அளவுக்கு வை. அந்த இறுக்கம்தான் உதறலைத் தொடங்கவிடாமல் பிடிப்பது. அது இல்லாமல் லூசாகவே பூட்டிவிட்டால் புது பேரிங்கும் உதறும்.

இன்னொன்று. 6.00-16 டயரை மாற்றி அகல டயரும் வெளியே தள்ளிய ரிம்மும் போட்டிருக்கிறாய், முன்பக்கம் உயர நீள ஷேக்கிளும் வைத்திருக்கிறாய். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அகல டயர் ஒவ்வொரு குழியின் அடியையும் பெரிதாக்கி ஸ்டியரிங்குக்கு அனுப்பும். நீள ஷேக்கிள் அச்சைச் சாய்த்துக் காஸ்டரைக் குறைக்கும். இந்த ஜீப்புக்குக் கம்பெனி வைத்த காஸ்டர் 3 டிகிரி. என்னைக் கேட்டால் ஷேக்கிளைப் பழையபடி மாற்றிவிடு. முடியாது என்றால் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வைத்து குறைந்த காஸ்டரைத் திரும்பக் கொண்டுவா. டோ, அதாவது முன் டயர்கள் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பியிருக்கும் அளவு, கடைசியில் பார்த்தால் போதும், முன்பக்கம் 1 முதல் 2 மில்லிமீட்டர் உள்நோக்கி இருக்கட்டும்.

அதுவரை ரோட்டில் எடுக்காமல் இருப்பதே நல்லது. அவசரத்துக்கு எடுத்து, உதறல் வந்துவிட்டால் பிரேக்கைச் சட்டென்று மிதிக்காதே. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாமல் பிடித்துக்கொள், கட்டைவிரல் ஸ்டியரிங் வளையத்தின் கம்பிகளுக்கு உள்ளே போகவேண்டாம். வேகம் குறைந்ததும் நின்றுவிடும். இதை மகனுக்கும் இன்றைக்கே சொல்லிக்கொடு.

பிரேக் மிதித்தபோது ஆட்டம் நின்றதா இல்லையா என்பதை மட்டும் உடனே எழுது. கிங் பின்தான் என்றால் ஞாயிற்றுக்கிழமை டூல்ஸோடு நான் பூதப்பாண்டிக்கு வருகிறேன், இருவருமாகப் பிரித்துவிடலாம். பேரிங்கை நாகர்கோவிலில் முன்கூட்டியே வாங்கி வை, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து.

அன்புடன்,
உன் கூட்டுக்காரன்