சாக்கர் கூட்டமைப்புக்கு ஒரு நியூ ஜெர்சி அப்பாவின் திறந்த மடல்

ஐக்கிய அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும், வணக்கம்.

இதைத் தமிழில் எழுதினால் உங்களில் யார் படிக்கப் போகிறார்கள் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எடிசனிலும் பிளெயின்ஸ்பரோவிலும் சனிக்கிழமை காலையில் மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்கில் காபியுமாக மைதானத்து ஓரம் உட்கார்ந்திருக்கும் தமிழ் அப்பா அம்மாக்கள் படிப்பார்கள். பிள்ளையைப் பதிவு செய்ய அவர்கள் கட்டும் தொகையில் ஒரு சிறு பங்கு, மாநிலச் சங்கம் வழியாக உங்களுக்கும் வந்து சேர்கிறது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். யாராவது மொழிபெயர்த்து உங்களுக்கு அனுப்பினால் சந்தோஷம்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். 1994-ல் உலகக் கோப்பையை நடத்தியபோது இந்த நாட்டில் முதல் தர ஆண்கள் லீக் என்று ஒன்றுகூட இல்லை. ஒன்றைத் தொடங்குகிறோம் என்று ஃபிஃபாவுக்கு வாக்குக் கொடுத்துத்தான் கோப்பையை வாங்கி வந்தீர்கள். கிட்டத்தட்ட 36 லட்சம் பேர் மைதானத்துக்கு வந்து பார்த்தார்கள். 1996-ல் பத்து அணிகளோடு எம்.எல்.எஸ். என்கிற மேஜர் லீக் சாக்கர் ஆரம்பித்தது. 2001 சீசன் முடிந்த கையோடு ஃப்ளோரிடாவின் இரண்டு அணிகளை இழுத்து மூடவேண்டி வந்தது. மிச்சமிருந்த அணிகள் எல்லாம் இரண்டு மூன்று முதலாளிகள் கையில். அப்போது யாராவது "இன்னும் கால் நூற்றாண்டில் முப்பது அணிகள் இருக்கும், சான் டியாகோ உள்ளே வருவதற்கே 50 கோடி டாலர் கட்டும்" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். 2023-ல் மெஸ்ஸி மயாமிக்கு வந்த பிறகு, கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் பார்க்காத என் நண்பர்கள்கூட ரோஸ் கலர் ஜெர்சி வாங்கிப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

பெண்கள் பக்கம் கதை இன்னும் பெரியது. 1991, 1999, 2015, 2019 என்று நான்கு உலகக் கோப்பைகள். பாரிஸில் வென்றதையும் சேர்த்து ஐந்து ஒலிம்பிக் தங்கம். 1999 இறுதி ஆட்டத்துக்கு ரோஸ் பவுலில் 90,185 பேர் கூடினார்கள். லீக்குகள்தான் நிலைக்கவில்லை. 2001-ல் தொடங்கியது மூன்று சீசனில் படுத்தது, 2009-ல் தொடங்கியதும் அப்படியே. 2013-ல் வந்த என்.டபிள்யூ.எஸ்.எல். என்கிற மூன்றாவது பெண்கள் லீக் தப்பிப் பிழைத்தது. 2024-ல் கான்சஸ் சிட்டியில் பெண்கள் அணிக்காகவே 11,500 இருக்கைகளோடு ஒரு மைதானம் கட்டித் திறந்தார்கள். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸின் ஏஞ்சல் சிட்டி அணி 25 கோடி டாலர் மதிப்பில் கைமாறியது. சம ஊதியத்துக்காக வீராங்கனைகள் உங்கள் மீதே வழக்குப் போட்டு, 2022-ல் 2.4 கோடி டாலருக்குச் சமரசமாகி, இரண்டு அணிகளும் உலகக் கோப்பைப் பரிசுப் பணத்தைச் சேர்த்துப் பகிர்ந்துகொள்கிற ஒப்பந்தமும் வந்தது. உலகத்தில் வேறெந்த நாடும் அதற்கு முன் செய்யாத காரியம். (அதற்கு இரண்டு வருடம் முன்னால் உங்கள் வழக்கறிஞர்கள் "ஆண்கள் அணியில் ஆட அதிகத் திறமையும் பொறுப்பும் தேவை" என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்ததையும், அந்தக் களேபரத்தில் அன்றைய தலைவர் பதவி விலகியதையும், 1999 அணியில் ஆடிய சிண்டி பார்லோ கோன் அந்த நாற்காலிக்கு வந்ததையும் மறக்கவில்லை.)

சரி, இவ்வளவு வளர்ச்சி இருக்கும்போது குறை என்ன?

வளர்ச்சி எல்லாம் மேல்தளத்தில். கீழே, எட்டு வயதுப் பிள்ளை உள்ளே நுழையும் வாசலில், கட்டணம் வாங்குகிறவர் உட்கார்ந்திருக்கிறார்.

என் மகள் ஒரு கிளப்பில் ஆடுகிறாள். பெயர் வேண்டாம்; இந்தப் பக்கத்தில் எல்லா கிளப்பும் ஏறக்குறைய அப்படித்தான். ஆண்டுக் கட்டணம் மட்டும் மூவாயிரம் டாலருக்கு மேல். அதில் சீருடை சேராது. வீட்டு ஆட்டத்துக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று, பயிற்சிக்கு இரண்டு, எண் அச்சடித்த பை ஒன்று, எல்லாம் அவர்கள் சொல்லும் இணையக் கடையில்தான் வாங்கவேண்டும். குளிர்காலத்தில் உள்ளரங்கப் பயிற்சிக்குத் தனிப் பணம். அப்புறம் டோர்னமென்ட். கோச்சின் பயணச் செலவைப் பதினாறு குடும்பங்களுக்குப் பங்கு போட்டு டீம் மேனேஜர் ஒரு எக்செல் தாள் அனுப்புவார்.

அந்த மின்னஞ்சலின் அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அமைப்பாளர்கள் கொடுத்திருக்கும் பட்டியலில் உள்ள ஹோட்டலில்தான் அறை எடுக்கவேண்டும். டெலவேரில் என் சித்தப்பா மகன் வீடு இருக்கிறது. மைதானத்திலிருந்து பத்து நிமிடம். பாய் விரித்துப் படுத்தால் பத்து பேர் தங்கலாம், காலையில் இட்லியும் கிடைக்கும். அங்கே தங்குகிறோம் என்று கேட்டேன். கூடாது, அணி இத்தனை அறை எடுக்காவிட்டால் டோர்னமென்டில் இடமே கிடையாது என்றார்கள். எதிர்ச்சாரியில் பாதி விலைக்கு இருந்த விடுதியும் கூடாது. பட்டியலில் இருந்த ஹோட்டலில் இரண்டு இரவு தங்கினோம். பிள்ளைகள் ஆடியது மூன்று ஆட்டம், அதில் ஒன்று மழையில் ரத்து.

எனக்கு வருத்தம் என் பணத்தைப் பற்றியல்ல. ஐ.டி. சம்பளம், முனகிக்கொண்டே கட்டிவிடுவேன். என் மகளோடு ஒரு சிறுமி ஆடினாள். இடது காலில் பந்தை வாங்கினால் இரண்டு பேரைத் தாண்டாமல் விடமாட்டாள். அப்பா உணவகச் சமையலறையில் வேலை பார்த்தார். கிளப்பில் நிதி உதவி உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் விண்ணப்பத்தோடு போன வருட வருமான வரிக் கணக்கை இணைக்கவேண்டும். கையில் காசாகக் கூலி வாங்குகிற மனிதர் எதை இணைப்பார்? அப்படியே கிடைத்தாலும் அது ஆண்டுக் கட்டணத்துக்கு மட்டும்தான். ஹோட்டலுக்கும் பெட்ரோலுக்கும் கிடையாது. அடுத்த சீசன் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவளுடைய எண்ணை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள்.

இது ஒரு கிளப்பின் கதை என்று தள்ளிவிடாதீர்கள். கிளின்ட் டெம்ப்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் அணிக்கு 57 கோல் அடித்து, லேண்டன் டோனவனோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர். டெக்சஸின் நாக்கடோசஸ் என்ற சிற்றூரில் டிரெய்லர் வீட்டில் வளர்ந்தவர். பயிற்சிக்காக டாலஸ் போக ஒரு வழிக்கே மூன்று மணி நேரம். அக்கா டென்னிஸ் ஆடினார். இரண்டு பிள்ளைகளுக்கும் செலவு தாங்காமல் டெம்ப்சி கிளப்பை விட்டு நின்றார். பதினாறு வயதில் அக்கா திடீரென்று இறந்துபோன பிறகுதான் திரும்பி வந்தார். மற்ற பெற்றோர்கள் கைகொடுத்தார்கள். இவ்வளவு தற்செயல் கூடி வந்தால்தான் ஒரு டெம்ப்சி கிடைப்பார் என்றால், கூடிவராமல் போன டெம்ப்சிகள் எத்தனை பேர்? பெண்கள் அணியின் கோல்கீப்பராக உலகக் கோப்பை வென்ற ஹோப் சோலோவும், இன்றைய கட்டணத்தில் தன்னை ஆட வைக்கத் தன் குடும்பத்தால் முடிந்திருக்காது என்று வெளிப்படையாகச் சொன்னவர்தான்.

ஆட்டம் இந்த நாட்டில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. எங்கள் மாநிலத்துக் கியர்னியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஸ்காட்லாந்திலிருந்து நூல் ஆலை வேலைக்கு வந்தவர்கள் பந்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். அந்த வட்டாரத்திலிருந்துதான் டோனி மியோலா, ஜான் ஹார்க்ஸ், டாப் ராமோஸ் மூவரும் வந்து 1990, 1994 உலகக் கோப்பைகளில் ஆடினார்கள். ஆலைத் தொழிலாளர் ஊர் ஒன்று தேசிய அணிக்கு மூன்று பேரைக் கொடுத்தது. இன்றைக்கு அதே கியர்னியில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். பெருவையும் ஈக்வடாரையும் பிரேசிலையும் சேர்ந்த குடும்பங்கள். பிள்ளைகள் பந்தோடுதான் திரிகிறார்கள். அவர்களைத் தேடி வருகிற தேர்வாளர் யார்?

ஆண்கள் பக்கம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறீர்கள்: எம்.எல்.எஸ். அகாடமிகள் பெரும்பாலும் இலவசம். உண்மை, நல்ல விஷயம். ஆனால் 27 அமெரிக்க அணிகள், இவ்வளவு பெரிய நாடு. நாக்கடோசஸ் பையனுக்கு அது இன்னமும் மூன்று மணி நேரம்தான். 2017 அக்டோபரில் டிரினிடாடில் 2-1 என்று தோற்று ரஷ்ய உலகக் கோப்பையைக் கோட்டைவிட்டபோது எல்லாவற்றையும் மாற்றப்போகிறோம் என்றீர்கள். இளம் வீரர்களுக்காக 2007-ல் நீங்களே தொடங்கிய டெவலப்மென்ட் அகாடமி என்ற லீக்கை 2020-ல் கைவிட்டதுதான் கண்ணுக்குத் தெரிந்த பெரிய மாற்றம்.

பெண்கள் பக்கம் அந்த இலவச அகாடமிகூட அரிது. கோப்பை வாங்கிக் கொடுத்தவர்களுக்கு வாசல் இன்னும் குறுகல்! அவர்களின் முன்னிலை எங்கிருந்து வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். 1972-ல் வந்த டைட்டில் நைன் சட்டத்தால் கல்லூரிகள் பெண்களுக்கும் விளையாட்டு உதவித்தொகை கொடுக்கவேண்டியதாயிற்று. மற்ற நாடுகள் பெண்களை மைதானத்துக்குள்ளேயே விடாத காலத்தில் நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஆடினார்கள். இங்கிலாந்தில் கால்பந்துச் சங்க மைதானங்களில் பெண்கள் ஆட 1921-ல் போட்ட தடை 1971 வரைக்கும் நீடித்தது. இப்போது அவர்களும் ஸ்பெயினும் பெரிய கிளப்புகளுக்குள்ளேயே சிறுமிகளை வளர்க்கிறார்கள். 2023 உலகக் கோப்பையில் நாம் ஸ்வீடனிடம் பெனால்டியில் விழுந்து காலிறுதிக்குக்கூடப் போகவில்லை. இறுதியில் ஆடியது ஸ்பெயினும் இங்கிலாந்தும். அடுத்த ஆண்டே எம்மா ஹேய்ஸ் பயிற்சியாளராக வந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்தார், மறுக்கவில்லை. ஒரு நல்ல பயிற்சியாளர் இருக்கிற வீராங்கனைகளை வைத்து ஜெயிப்பார். இல்லாதவர்களை அவரால் உண்டாக்க முடியாது.

ஜெயிக்கிற அணி மேல் பிரிவு லீக்குக்கு ஏறுவது, தோற்கிற அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்குவது பற்றி ரசிகர்கள் வருடக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். எம்.எல்.எஸ்.ஸுக்குக் கீழ்ப் பிரிவு லீக்குகளை நடத்தும் யு.எஸ்.எல். 2025-ல் அதற்கு ஓட்டுப் போட்டுவிட்டது, பார்ப்போம். பத்து வயதுப் பிள்ளையின் ஹோட்டல் பில்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பணத்துக்கு வருகிறேன். 2026 உலகக் கோப்பையின் 104 ஆட்டங்களில் 78 இந்த நாட்டில்; இறுதி ஆட்டம் எங்கள் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில். 2031 பெண்கள் உலகக் கோப்பைக்கு அண்டை நாடுகளோடு சேர்ந்து நாம் கேட்டபோது போட்டிக்கு வேறு ஆளே வரவில்லை. 1994-ல் மிஞ்சிய பணத்தில் யு.எஸ். சாக்கர் ஃபவுண்டேஷனை ஏற்படுத்தினார்கள். அது ஏழைப் பேட்டைகளில் சிறு ஆடுகளங்கள் போட்டுக்கொடுக்கிறது. பழைய டென்னிஸ் திடல் அளவு இடம், சுற்றிலும் வேலி, விளக்கு, கட்டணம் கிடையாது. உங்கள் வரலாற்றில் உருப்படியான காரியங்களில் ஒன்று அது. அந்த அமைப்போடு பெயர் யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றம் வரை போனீர்கள் என்பது வேறு கதை. இந்த முறை கிடைப்பதில் எவ்வளவு இப்படிப்பட்ட களங்களுக்கு, எவ்வளவு இலவசப் பயிற்சிக்கு, அதில் சிறுமிகளுக்கு எவ்வளவு என்று தொகை போட்டு வெளியிடுங்கள். ஜார்ஜியாவில் எழுப்பிய புதுப் பயிற்சி மையத்தின் படங்கள் பார்த்தேன், அழகாக இருக்கிறது. அதற்குள் போய் ஆடுகிறவர்கள் ஏற்கெனவே தேர்வானவர்கள்.

இன்னொன்று. ஒரு வீரர் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், விலையில் ஐந்து சதவீதம் வரை அவரைப் பன்னிரண்டு வயது முதல் வளர்த்த கிளப்புகளுக்குப் போகவேண்டும் என்பது ஃபிஃபா விதி. நம் வீரர் டிஆந்த்ரே யெட்லின் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப்புக்குப் போனபோது அவரை வளர்த்த சியாட்டில் பக்கத்து கிளப் அந்தப் பங்கைக் கேட்டுப் பல வருடம் அலைந்தது. அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்காது என்பதுதான் இங்கே வெகுகாலம் சொல்லப்பட்ட பதில். வளர்த்ததற்கு வருமானம் வராத கிளப் வேறு யாரிடம் வாங்கும்? பெற்றோரிடம்தான். சிறு கிளப்புகளுக்கு அந்தப் பங்கு தானாக வந்து சேரும்படி ஒரு வழி செய்யுங்கள். அதைக் கேட்டு வாங்க அவர்கள் வக்கீல் வைக்கவேண்டிய நிலை இருக்கக்கூடாது. பங்கு வாங்கும் கிளப் இத்தனை பிள்ளைகளை இலவசமாகச் சேர்க்கவேண்டும் என்று நிபந்தனையும் போடலாம்.

இதெல்லாம் நாள் பிடிக்கும் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஹோட்டல் விதிக்கு உலகக் கோப்பைப் பணம் தேவையில்லை, சட்டத் திருத்தமும் தேவையில்லை. உங்கள் அங்கீகாரம் பெற்ற எந்தச் சிறார் டோர்னமென்டும் குடும்பங்கள் எங்கே தங்கவேண்டும் என்று நிர்ப்பந்திக்கக்கூடாது என்று மாநிலச் சங்கங்களுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த சீசன் பதிவு தொடங்குவதற்கு முன்பே அதை அனுப்பிவிட முடியும்.

இப்படிக்கு,
பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடும் ஒரு பெண்ணின் அப்பா,
நியூ ஜெர்சி