எடிட்டர் மாத்தினது போதும் கண்ணா

கண்ணா,

நேத்து ராத்திரி போன்ல நீ பேசினது இன்னும் மனசுலயே நிக்குது. ரூபிங்கிற ப்ரோக்ராமிங் மொழிய கத்துக்க ஆரம்பிச்சு ஒன்றரை மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள கோட் எழுதுற எடிட்டர மூணு தடவ மாத்திட்டேன், எதுவும் செட் ஆகலன்னு சொன்ன, அது வரைக்கும் சரி, வைக்கப் போறப்ப மெதுவா "எனக்கு இது வராதோன்னு தோணுதும்மா"ன்னு சொன்ன பாரு, அதுல எனக்குத் தூக்கமே போயிடுச்சு. போன்ல ஒழுங்கா சொல்ல வரல, அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி.

நீ சொன்ன குறை என்ன? ஜாவா மொழியில ஒரு மெத்தட் (பேர் வச்சுக் கூப்பிடுற கோட் துண்டு) பேர் மேல கிளிக் பண்ணா நேரா அது எழுதியிருக்கிற இடத்துக்குப் போயிடுது, ரூபில பாதி நேரம் போக மாட்டேங்குது, அதனால எடிட்டர் சரியில்ல. இது உன் தப்பும் இல்ல எடிட்டர் தப்பும் இல்லடா. ரூபில வெப்சைட் கட்ட உதவுற ரெயில்ஸ்ல யூசர்னு ஒரு டேபிள் வச்சிருக்க, அதுல ஈமெயில்னு ஒரு காலம், அதாவது நெடுவரிசை, இருக்கு, நீ கோடுல யூசர் டாட் ஈமெயில்னு எழுதுற, அது ஓடுது. இப்ப உன் ப்ராஜெக்ட் முழுக்கத் தேடிப் பாரு, மெத்தட எழுத ஆரம்பிக்கிற டெஃப் ஈமெயில்னு ஒரு வரி எங்கயாவது இருக்கா? இருக்காது. ப்ரோக்ராம் ஓடும்போது ரெயில்ஸ் போய் டேட்டாபேஸ்ல என்னென்ன காலம் இருக்குன்னு பாத்து அந்த மெத்தட அப்பதான் உருவாக்குது. எடிட்டர் பாவம், அது ஃபைல்ல இருக்கிற எழுத்த மட்டும்தான் படிக்குது, இன்னும் பொறக்காத மெத்தட எங்கன்னு காட்டும்? ஜாவால எந்த வேரியபிள் என்ன டைப்புன்னு கோடுலயே தெரிஞ்சுடும், அதனால அங்க எடிட்டருக்கு வேலை சுலபம்.

இன்னொண்ணு தெரிஞ்சா நீ எடிட்டர் தேடுறதையே விட்டுடுவ. 2016ல லாங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகால்னு ஒண்ணு வந்துச்சு, எல்லாரும் எல்எஸ்பின்னு சொல்றது அதத்தான். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியா யாராவது எழுதணும். இப்ப கோட படிச்சுப் புரிஞ்சுக்கிற வேலைய தனியா ஒரு சர்வர் பண்ணுது, எடிட்டர் அதுகிட்ட கேட்டு ஸ்க்ரீன்ல காட்டுது, அவ்வளவுதான். ஷாப்பிஃபை கம்பெனி ஆளுங்க எழுதின ரூபி எல்எஸ்பி அப்படி ஒரு சர்வர். விஎஸ் கோட்ல போட்டாலும் நியோவிம்ல போட்டாலும் ஈமாக்ஸ்ல போட்டாலும் பின்னாடி இருந்து பதில் சொல்றது அதே ஆள்தான். நீ மூணு எடிட்டர் மாத்தியும் ஒரே மாதிரி மாட்டிக்கிட்டதுக்கு காரணம் புரியுதா?

ரூபிமைன்னு ஒரு எடிட்டர் மட்டும் வேற கதை, அது ஜெட்பிரெய்ன்ஸ் கம்பெனியோட சொந்த எஞ்சின்ல ஓடுது. ரெயில்ஸ் ப்ராஜெக்ட் பெருசா இருந்தா அது நெஜமாவே நல்லா கண்டுபிடிக்கும், டேபிள் விவரம் இருக்கிற ஸ்கீமா ஃபைலப் பாத்து காலம் பேரெல்லாம் சொல்லும். ஆனா மெமரி நெறைய கேக்கும், உன் லேப்டாப்புக்கு இப்போதைக்கு வேண்டாம், வேலைக்குப் போற இடத்துல குடுத்தா சந்தோஷமா வாங்கிக்கோ. விம் ரொம்ப நல்ல எடிட்டர்தான், அதுல கை பழகினவங்கள நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன், ஆனா ரூபியையும் விம்மையும் ஒரே மாசத்துல கத்துக்காத, ரெண்டுல எது உன்ன தடுக்குதுன்னே தெரியாமப் போயிடும். நான் ஈமாக்ஸ்லதான் இருக்கேன்னு உனக்குத் தெரியும். ரூபிய உருவாக்கின மாட்ஸும் ஈமாக்ஸ்காரர்தான், ஈமாக்ஸ்ல ரூபி எழுத உதவுற ரூபி மோட அவரே எழுதினாரு, ரூபில இஃப் மாதிரி ஒரு பகுதி எண்ட்ங்கிற வார்த்தையில முடியும், அப்படி முடியிற கோட அதுல தானா இண்டெண்ட் பண்ண (வரிய உள்ள தள்ளி வைக்க) முடியாம போயிருந்தா ரூபியோட சின்டாக்ஸையே, அதாவது எழுதுற முறையையே, வேற மாதிரி வச்சிருப்பேன்னு சொல்லியிருக்காரு. அந்த விஷயம் எனக்கு எப்பவும் பிடிக்கும். இருந்தாலும் உன்ன ஈமாக்ஸுக்கு வான்னு கூப்பிட மாட்டேன். விஎஸ் கோட், ரூபி எல்எஸ்பி, இதுலயே ஒரு வருஷம் இரு.

அந்த எண்ட் பத்தி ஒரு விஷயம். நான் வேலைக்குச் சேந்த புதுசுல நானூறு வரி ஃபைல் ஒண்ணு, ராத்திரி நேரம், ஓட்டினா கடைசி வரியில எரர்னு சொல்லுது, கடைசி வரியில ஒண்ணுமே இல்ல. ரெண்டு மணி நேரம் அந்தக் கடைசி வரியையே பாத்துட்டு இருந்தேன், அழுகையே வந்துடுச்சு. அப்புறம் பக்கத்து சீட்டு அக்கா வந்து முழு ஃபைலையும் செலக்ட் பண்ணி ரீ-இண்டெண்ட் பண்ணாங்க, மேல எங்கயோ ஒரு இஃப்புக்குக் கீழ இருந்து மிச்ச ஃபைல் மொத்தமும் ரெண்டு ஸ்பேஸ் வலது பக்கம் தள்ளிப் போச்சு. அந்த இஃப்புக்கு எண்ட் போடல. கண்ணால பாத்த உடனே தெரிஞ்சுது. இப்ப ரூபி 3.2ல இருந்து சின்டாக்ஸ் சஜெஸ்ட்ங்கிற டூல் கூடவே வருது, எந்த இடத்துல எண்ட் விட்டுப்போச்சுன்னு பெரும்பாலும் அதுவே காட்டிடும், ஆனாலும் இண்டெண்ட் சரியா இருக்கான்னு பாக்குற பழக்கம் உனக்கு வரணும். கோட சீர்படுத்துற ரூபோகாப் டூல போட்டு சேவ் பண்ணும்போதே ஃபார்மேட் ஆகிற மாதிரி வச்சுக்கோ, உன் சொந்த ப்ராஜெக்ட்ல மட்டும். டீமோட பழைய ஃபைல்ல அவங்க கான்ஃபிக் இல்லாம அப்படி பண்ணா நீ மாத்தினது ஒரு வரி, என்ன மாறிச்சுன்னு காட்டுற டிஃப்ல வர்றது முன்னூறு வரி.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, எடிட்டருக்குத் தெரியாதத ஓடிட்டு இருக்கிற ப்ரோக்ராம்கிட்டயே கேளு. சந்தேகம் இருக்கிற வரிக்கு மேல பைண்டிங் டாட் ஐஆர்பின்னு ஒரு வரி போடு, ப்ரோக்ராம் அங்க நின்னுடும், டெர்மினல்ல உனக்கு ப்ராம்ப்ட் வரும். அங்க யூசர் டாட் மெத்தட், ப்ராக்கெட்ல கோலன் ஈமெயில், அப்புறம் டாட் ஓனர்னு அடி. ஜெனரேட்டட் அட்ரிப்யூட் மெத்தட்ஸ்னு பதில் வரும், அதாவது இது யாரும் கையால எழுதினது இல்ல, ரெயில்ஸ் உருவாக்கினதுன்னு அதோட பேரே சொல்லுது. நீ எழுதின மெத்தடா இருந்தா ஓனருக்கு பதிலா சோர்ஸ் லொகேஷன் கேளு, ஃபைல் பேரும் வரி நம்பரும் வந்துடும். இத ஒரு தடவ பண்ணிப் பாத்தேன்னா அந்த பயம் பாதி போயிடும்டா, நம்பு. ஏஐ எழுதிக் குடுக்கிற மெத்தட் பேரையும் இங்கயே கேட்டுப் பாத்துட்டு வச்சுக்கோ.

மூணாவது தடவ எல்எஸ்பி ஸ்டார்ட்டே ஆகலன்னு சொன்னல்ல, அது எனக்கென்னவோ ரூபி வெர்ஷன்னுதான் தோணுது. டெர்மினல்ல, ரூபி வெர்ஷன மாத்திக் குடுக்கிற ஆர்பிஎன்வி வழியா புது ரூபி ஓடும், ஐகான கிளிக் பண்ணி எடிட்டர தொறந்தா அது மேக்கோடவே வர்ற பழைய 2.6ஐப் பிடிச்சுக்கும். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள போய் டெர்மினல்ல இருந்தே எடிட்டரத் தொற, செட்டிங்ஸ்ல ரூபி எல்எஸ்பி வெர்ஷன் மேனேஜர்னு இருக்கும், அதுல ஆர்பிஎன்வின்னு வை. அப்பவும் வரலன்னா அவுட்புட் பேனல்ல ரூபி எல்எஸ்பிய செலக்ட் பண்ணி அதுல வர்றத முழுசா காப்பி பண்ணி எனக்கு அனுப்பு, ஸ்க்ரீன்ஷாட் வேணாம், டெக்ஸ்டா அனுப்பு. எத்தனை மணியானாலும் பரவால்ல, நான் முழிச்சுதான் இருப்பேன்.

அம்மா