தவணை இறுதி மடல்: பள்ளித் தோட்டம் குறித்து

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

இத்தவணை இனிதே நிறைவடைகிறது. விளையாட்டுப் போட்டி, திருக்குறள் மனனப் போட்டி, வாசிப்பு வாரம் ஆகிய அனைத்திலும் நம் மாணவர்கள் சிறப்பாகப் பங்கேற்றனர். ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கும் பாராட்டுகள்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் சிற்றுண்டிச்சாலையின் பின்புறம் அமைத்த 'நாகரிகங்களின் தோட்டம்' பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. பாரசீகப் பேரரசர் சைரசு கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பசர்காடேயில் அமைத்த அரண்மனைத் தோட்டத்தின் கல் வாய்க்கால்களைப் படத்தில் பார்த்துவிட்டு, அவர்களே குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால் வெட்டி நான்கு பாத்திகள் பிரித்தார்கள். மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் ஏரிச் சேற்றை வாரிக் குவித்து உருவாக்கிய சினாம்பா மேடைகளைப்போல ஒரு பாத்தியை உயர்த்தி, சோளமும் பூசணியும் நட்டார்கள். பண்டைய எகிப்தின் அலுவலர் நெபமூனின் கல்லறை ஓவியத்தில் உள்ள குளத்துக்கு ஈடாகப் பழைய சிமெண்டுத் தொட்டியில் திலாப்பியா மீன்களை விட்டிருக்கிறார்கள். அவ்வோவியத்தில் நீந்துவதும் அதே இனந்தான். 1848இல் இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த நான்கு செம்பனை (எண்ணெய்ப் பனை) கன்றுகளையும், 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, சில பேராக்கின் கோலகங்சாரிலும் நடப்பட்ட ரப்பர் கன்றுகளையும் பற்றி அவர்கள் எழுதிய குறிப்பு பலகையில் உள்ளது. இந்த இரு பயிர்களால் நம் ஊர் உருவான கதை அது என்பதால், பெற்றோர் அவசியம் படிக்க வேண்டும்.

சென்ற கூட்டுப்பணிக்குப் பின், பெற்றோர் ஒருவர் வேலியோரப் புல்லுக்குக் களைக்கொல்லி மருந்தடித்தார். அவருடைய நல்லெண்ணத்தில் எங்களுக்குச் சிறிதும் ஐயமில்லை. மருந்தடிப்பு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஆயினும் காற்றில் பரவிய தூவலால் சில நாளில் பூசணி இலைகள் சுருண்டு மஞ்சளித்தன. துளசியும் புதினாவும் கருகின. அதைவிடக் கவலை தந்தது தண்ணீர் ஊற்றுவதற்காக வீட்டிலிருந்து வந்த வெள்ளைத் தோம்பு (கலன்). அதன் ஒட்டுத்தாள் உரிக்கப்பட்டிருந்தாலும், மூடியைத் திறந்ததும் களைக்கொல்லி வாடை அடித்தது.

இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகம் 1545இல் தாவரவியல் தோட்டம் அமைத்தது, மருத்துவ மாணவர்கள் மூலிகைகளை நேரில் பார்த்து இனங்காண வேண்டும் என்பதற்காகவே. நம் பிள்ளைகளும் அப்படித்தான் கற்கிறார்கள்: இலையைக் கிள்ளுகிறார்கள், முகர்கிறார்கள், தடுப்பதற்குள் வாயிலும் போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறேன். பள்ளி வளாகத்துக்குள் எவ்வகைக் களைக்கொல்லிக்கும் அனுமதி இல்லை. மருந்து இருந்த தோம்பு, புட்டி, பம்பு எதையும், எத்தனை முறை கழுவியிருந்தாலும், பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பக் கூடாது. மீறி வந்தால் பெற்றோரை நேரில் அழைக்க நேரிடும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 சனவரி முதல் மலேசியாவில் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய இருப்பு வீட்டில் இருந்தால், பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி பூட்டி வைத்து, விவசாயத் துறை அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள்.

மருந்தில்லாமல் புல்லை அடக்க முடியுமா என்று சிலர் புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டிருந்தீர்கள். செயற்கைக் களைக்கொல்லிகள் பரவலானது 1940களில்தான். அதற்கு முன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தோட்டங்கள் பெரும்பாலும் கையாலும் மண்வெட்டியாலுமே காக்கப்பட்டன. நம்முடையதோ நான்கு பாத்திகள்.

விடுமுறைக்குப் பின் வரும் முதல் சனிக்கிழமை காலை 8 மணிக்குப் பாத்திகளைச் சீரமைக்கிறோம். மண்வெட்டியும், முடிந்தால் துளசி, புதினா நாற்றுகளும் கொண்டு வாருங்கள். சொந்தச் செலவில் மண் இறக்கித் தந்தவர்களுக்கும், வேலை முடிந்து களைப்போடு வந்து தொட்டியைச் சீராக்கியவர்களுக்கும், அன்று மருந்தடித்துவிட்டு மறுநாளே நேரில் வந்து பேசிய அந்தத் தந்தைக்கும் பள்ளியின் மனமார்ந்த நன்றி.

இக்கண்,
தலைமையாசிரியர்